டாம் கர்வர்ஸ் செய்த தவறு என்ன?

1989 அக்டோபரில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி, நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியிடமிருந்து டாம் கர்வர்ஸ் என்ற 27 வயது தடுப்பாட்டக்காரரை வாங்கியது. பதிலுக்கு ஆட்டக்காரர் யாரையும் கொடுக்கவில்லை. பணமும் கொடுக்கவில்லை. 1991 ஜூனில் நடக்கவிருந்த டிராஃப்டில், முதல் சுற்றில் ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுக்கும் தன் உரிமையைக் கொடுத்தது. கண்முன்னே இருக்கும் ஓர் ஆளுக்குப் பதிலாக, இருபது மாதம் தள்ளி இருக்கும், யாரென்றே தெரியாத ஓர் ஆள்.

1991 ஜூனில் அந்த உரிமை மூன்றாவது இடத்தில் வந்து நின்றது. நியூ ஜெர்சி அதை வைத்து ஸ்காட் நீடர்மையர் என்ற பதினேழு வயதுப் பையனை எடுத்தது. நியூ ஜெர்சிக்காக 1995, 2000, 2003 என்று மூன்று முறை அவர் ஸ்டான்லி கோப்பையை வென்றார். 2004-ல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. 2007-ல் அனஹைம் அணியின் கேப்டனாக நான்காவது கோப்பை. 2013-ல் ஹால் ஆஃப் ஃபேம். கர்வர்ஸோ அந்த டிராஃப்ட் நடப்பதற்கு ஐந்து மாதம் முன்பே, 1991 ஜனவரியில், டொராண்டோவிலிருந்து வான்கூவருக்கு அனுப்பப்பட்டுவிட்டார்.

ஹாக்கி வரலாற்றின் மோசமான டிரேடுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது அதில் இருக்கும். "கர்வர்ஸ் டிரேட்" என்றுதான் பெயர். நான் ஐஸ் ஹாக்கி பார்க்கப் பழகியதே ரொம்பத் தாமதமாகத்தான். இந்தக் கதையை முதல் தடவை படித்தபோது எல்லாரையும் போல நானும் சிரித்தேன். எவ்வளவு முட்டாள்தனம்! பிறகு மெல்ல ஒரு சங்கடம் வந்தது. அந்த டிரேடை முடிவு செய்தவர் அன்று டொராண்டோவின் ஜெனரல் மேனேஜராக இருந்த ஃபிளாய்ட் ஸ்மித். நியூ ஜெர்சி எடுத்த பையன் நீடர்மையர். பெயர் மட்டும் ஏன் கர்வர்ஸ்? அவர் என்ன தவறு செய்தார்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. கொஞ்சம் சுற்றித்தான் அதற்கு வர முடியும்.

*

முதலில் டிராஃப்ட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் ஏலத்தில் காசு இருக்கிறவர் ஆளை எடுக்கலாம். என்எச்எல் என்கிற வட அமெரிக்க ஹாக்கி லீகில் பதினெட்டு வயதை ஒட்டிய புதுப் பையன்களை அப்படி எடுக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு முறை அணிகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கும். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு வரிசையில் முன்னுரிமை. தோற்றவனுக்கு ஆறுதல் பரிசு மாதிரி. இந்த "வரிசையில் என் இடம்" என்பதற்குத்தான் பிக் என்று பெயர். அதை விற்கலாம், வாங்கலாம். இந்த வருஷத்தது மட்டுமில்லை, அடுத்த வருஷத்தது, அதற்கடுத்த வருஷத்தது எல்லாமே.

எதிர்கால பிக் ஒன்றை விற்கும்போது ஓர் அணி உண்மையில் எதை விற்கிறது? மூன்று விஷயம் அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று, நாம் அந்த வருஷம் எவ்வளவு மோசமாக ஆடுவோம் என்பது. இரண்டு, அந்த வருஷம் வரும் பையன்களின் கூட்டம் எப்படிப்பட்டது என்பது. மூன்று, அந்தக் கூட்டத்தில் சரியான ஆளைக் கண்டுபிடிக்கும் கண் நமக்கு இருக்கிறதா என்பது. மூன்றுமே விற்கும் நாளில் தெரியாது.

1991 டிராஃப்டின் முதல் ஏழு பெயர்களைப் பாருங்கள். எரிக் லிண்ட்ராஸ், பாட் ஃபலூன், ஸ்காட் நீடர்மையர், ஸ்காட் லசான்ஸ், ஆரன் வார்டு, பீட்டர் ஃபோர்ஸ்பெர்க், அலெக் ஸ்டோயனோவ். முதலாவது, மூன்றாவது, ஆறாவது ஆட்கள் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். ஏழாவது ஆள் என்எச்எல்லில் மொத்தம் 107 ஆட்டம் ஆடி 2 கோல் அடித்தார். இவர்களையெல்லாம் எடுத்தது சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே வேலையாகச் செய்யும் நிபுணர்கள். நீடர்மையருக்கு முன்னால் ஃபலூனை எடுத்தார்கள். ஃபோர்ஸ்பெர்கைத் தாண்டி ஐந்து அணிகள் போயின. டொராண்டோ அந்த பிக்கை வைத்திருந்தாலும் நீடர்மையரைத்தான் எடுத்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

டொராண்டோ விற்றது ஒரு சீட்டை. அதில் நீடர்மையரும் இருக்கலாம், ஸ்டோயனோவும் இருக்கலாம். ஆனா பின்னாளில் கணக்கு எழுதும்போது சீட்டு என்று எழுத மாட்டோம். நேராக "கர்வர்ஸுக்கு நீடர்மையர்" என்று எழுதிவிடுவோம். அந்த ஒரு வரியில் இருபது மாதத்து இருட்டு மொத்தமும் துடைக்கப்பட்டுவிடுகிறது.

*

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்ற வாக்கியம் இல்லாத வீடு உண்டா? உண்மையில் அப்பவே சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் இப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்றும் நினைக்கக் கூடாது. அவர்களுக்கு நிஜமாகவே அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷாருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த ஒரு போரைப் பற்றிய குறிப்பைப் படிக்கக் கொடுத்தார். சிலருக்கு ஒரு முடிவைச் சொன்னார், சிலருக்கு வேறொரு முடிவை. பிறகு, முடிவு தெரியாதிருந்தால் எது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிட்டிருப்பீர்கள் என்று கேட்டார். எந்த முடிவு யாரிடம் சொல்லப்பட்டதோ, அதுவே நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று அவர்கள் நினைத்தார்கள். தெரிந்துகொண்ட பிறகு தெரியாமல் இருந்ததைத் திரும்பப் பெற முடிவதில்லை.

1988-ல் ஜொனாதன் பாரன், ஜான் ஹெர்ஷி இருவரும் இதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு மருத்துவர் இதய அறுவை சிகிச்சை செய்ய முடிவெடுக்கிறார். ஆபத்து எவ்வளவு, பலன் எவ்வளவு எல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரே கதை, ஒரே முடிவு. நோயாளி பிழைத்தார் என்று கதையை முடித்தால் மருத்துவரின் முடிவு நல்லது என்றார்கள். இறந்தார் என்று முடித்தால் மதிப்பெண் குறைந்தது. விளைவைப் பார்க்கக் கூடாது என்று ஒப்புக்கொள்கிறவர்கள்கூட அப்படித்தான் செய்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்வது சுலபம். "முடிவை மட்டும் பார், விளைவைப் பார்க்காதே." காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கையைப் பாராட்டாதே, திட்டவும் செய்யாதே. என் துறையில் இது இப்போது ஒரு மதம் மாதிரி. கொஞ்ச காலம் நானும் அந்த மதத்தில் இருந்தேன். கர்வர்ஸ் டிரேடைத் திரும்பத் திரும்பப் படித்ததும் அதுவும் ஆட்டம் கண்டது.

*

ஏன்? 1989 அக்டோபரில் என்னவெல்லாம் தெரிந்திருந்தது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள்.

நீடர்மையரை அன்று யாரும் ஊகித்திருக்க முடியாது. ஆனால் எரிக் லிண்ட்ராஸ் என்ற பதினாறு வயதுப் பையனின் பெயர் கனடாவின் ஹாக்கி வட்டாரம் முழுக்க அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த வருஷம்தான் ஒன்டாரியோ ஜூனியர் லீகில் முதல் ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த ஊருக்குப் போக மாட்டேன் என்று அவர் மறுத்தது பெரிய செய்தி. அவர் என்எச்எல் டிராஃப்டுக்கு வரப்போகும் வருஷம் 1991 என்பது பிறந்த தேதியைப் பார்த்தாலே தெரியும். இன்னொன்றும் தெரிந்திருந்தது. டொராண்டோ முந்தைய சீசனில் 62 புள்ளிகள் மட்டுமே எடுத்த பலவீனமான அணி. அதாவது, ஒரு பலவீனமான அணி, பெரிய பரிசு ஒன்று வரப்போகும் வருஷத்தின் சீட்டை, எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தது.

முதல் வருஷம் அந்த டிரேட் சரியாகத்தான் தெரிந்தது. கர்வர்ஸ் டொராண்டோவுக்காக 15 கோல் அடித்தார். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது நல்ல எண்ணிக்கை. அணி 80 புள்ளி எடுத்து பிளே-ஆஃபுக்குப் போனது. அடுத்த சீசனில் எல்லாம் சரிந்தது. 57 புள்ளி. கடைசி இடத்தில் முடித்தால் லிண்ட்ராஸே நியூ ஜெர்சிக்குப் போய்விடுவார் என்ற பயத்தில், நடு சீசனில் அவசரமாக ஆட்களை மாற்றினார்கள். அதற்கும் எதிர்கால பிக்குகளைத்தான் கொடுத்தார்கள். கடைசியில் க்யூபெக் 46 புள்ளியோடு இன்னும் மோசமாக முடித்ததால் லிண்ட்ராஸ் தப்பினார். புதிதாகச் சேர்ந்த சான் ஹோஸேவுக்கு இரண்டாவது இடம் தரப்பட்டது. மூன்றாவது இடம் நியூ ஜெர்சிக்கு வந்தது.

இப்படிப் பார்த்தால் குற்றச்சாட்டு வேறு மாதிரி ஆகிறது. "நீடர்மையரை விட்டுவிட்டாய்" என்பது நியாயமில்லாத குற்றச்சாட்டு. "உன் அணி எவ்வளவு பலவீனமானது என்பதை நீ உன்னிடமே மறைத்துக்கொண்டாய்" என்பது நியாயமான குற்றச்சாட்டு. நீடர்மையர் ஒன்றுமில்லாமல் போயிருந்தாலும் அது நிற்கும். ஃபலூன் மாதிரி ஒருவரை நியூ ஜெர்சி எடுத்திருந்தாலும் நிற்கும். ஆனால் அப்போது அதை யாரும் எழுப்பியிருக்க மாட்டார்கள். விளைவு மோசமாக இருந்ததால்தான் நாம் கோப்பைத் திறந்தோம். திறந்தபோது உள்ளே வேறொரு தவறு இருந்தது.

ஆகவே விளைவைப் பார்க்கவே கூடாது என்பது முழு உண்மை இல்லை. முடிவெடுக்கும்போது ஒருவருடைய தலைக்குள் என்ன ஓடியது என்று நமக்குத் தெரியாது. விளைவு ஒரு தடயம். "யாருக்கும் தெரிந்திருக்க முடியாது" என்பது சில நேரம் உண்மை. பல நேரம், பார்க்க மறுத்தவர்கள் சொல்லும் சாக்கு.

*

ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து, 2009 செப்டம்பரில், அதே டொராண்டோ அதே காரியத்தைச் செய்தது. இந்த முறை ஜெனரல் மேனேஜர் பிரையன் பர்க், டிராஃப்ட் வியாபாரத்தில் கை தேர்ந்தவர் என்று பெயர் எடுத்தவர். 1999-ல் வான்கூவரில் இருந்தபோது அடுத்தடுத்த பிக்குகளைச் சேர்த்து செடின் இரட்டையர் இருவரையும் ஒரே அணிக்குக் கொண்டுவந்தவர். 2007-ல் அனஹைமில் கோப்பை வென்றார். அந்த அணியின் கேப்டன் யார் தெரியுமா? நீடர்மையர். டொராண்டோவின் முதல் பிழையால் நழுவிய ஆளோடு கோப்பை வென்றவர், டொராண்டோவுக்கு வந்து இரண்டாவது முறை அதே வகை டிரேடைச் செய்தார்.

பாஸ்டனிடமிருந்து ஃபில் கெஸல் என்ற கோல் அடிக்கும் ஆளை வாங்கினார். வயது 21. முந்தைய சீசனில் 36 கோல். பதிலுக்கு 2010-ன் முதல் சுற்று, இரண்டாம் சுற்று, 2011-ன் முதல் சுற்று. டொராண்டோ நான்கு சீசன்களாக பிளே-ஆஃபையே பார்க்காத அணி. இந்த ஆள் வந்தால் நாம் நல்ல அணியாகிவிடுவோம், அப்புறம் இந்த பிக்குகள் வரிசையில் பின்னால் போய்விடும் என்பது கணக்கு. 2009-10-ல் டொராண்டோ முப்பது அணிகளில் இருபத்தொன்பதாவது. பாஸ்டனுக்குப் போனது வரிசையில் இரண்டாவது இடம். டைலர் செகின் வந்தார். அடுத்த வருஷ பிக் ஒன்பதாவது இடம். டகி ஹாமில்டன் வந்தார். 2011-ல் பாஸ்டன் கோப்பை வென்றபோது செகின் அந்த அணியில் இருந்தார். டொராண்டோ ஆட வரும்போதெல்லாம் பாஸ்டன் ரசிகர்கள் "நன்றி, கெஸல்" என்று கூவினார்கள்.

தீர்ப்பு முடிந்ததா? பொறுங்கள். 2013-ல் பாஸ்டன் செகினை டல்லஸுக்கு டிரேட் செய்தது. அவருக்கு வயது 21. 2015-ல் ஹாமில்டனை மூன்று பிக்குகளுக்காகக் கல்கரிக்கு அனுப்பியது. அந்த மூன்றில் ஒன்று பதினைந்தாவது இடம். அதில் பாஸ்டன் எடுத்த சகரி செனிஷின் பெரிதாக வரவில்லை. அடுத்த மூன்று இடங்களில் மற்ற அணிகள் எடுத்தவர்கள் மாத்யூ பார்ஸல், கைல் கானர், தாமஸ் ஷபாட். மூவருமே நட்சத்திரங்கள். இதற்கிடையில் கெஸல் டொராண்டோவுக்காக ஆறு சீசனில் 181 கோல் அடித்தார். 2015-ல் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பப்பட்டார், அங்கே 2016, 2017 என்று இரண்டு கோப்பை. அந்த டிரேடில் டொராண்டோவுக்கு வந்த முதல் சுற்று பிக்கைக் கொடுத்து கோல்கீப்பர் ஃபிரெடெரிக் ஆண்டர்சனை வாங்கினார்கள். அவர் பல வருஷம் டொராண்டோவின் முதன்மை கோல்கீப்பர்.

இப்போது சொல்லுங்கள், யார் ஜெயித்தார்கள்? கணக்கை 2011-ல் மூடினால் ஒரு விடை. 2015-ல் மூடினால் வேறு விடை. ஹாமில்டனைக் கொடுத்து வாங்கிய பிக்குகள் எப்படிப் போயின என்பதை 2009-ன் கணக்கில் சேர்ப்பதா? சேர்த்தால் பர்க் செய்த முடிவின் தரம் ஆறு வருஷம் கழித்து இன்னோர் ஊரில் இன்னொருவர் செய்த முடிவைப் பொறுத்தது என்றாகிறது. சேர்க்காவிட்டால் எந்தத் தேதியில் கோடு போடுவது? கதை எங்கே சுவாரஸ்யமாக முடிகிறதோ அங்கேதான் நாம் கோடு போடுகிறோம்.

பாராட்டிலும் இதே கதைதான். மான்ட்ரியலின் சாம் போலக் 1970-ல், கலிஃபோர்னியாவின் பலவீனமான அணியிடமிருந்து 1971-ன் முதல் சுற்று பிக்கை வாங்கி வைத்தார். அந்த அணி கடைசியில் முடித்தது, மான்ட்ரியலுக்கு முதல் பிக் கிடைத்தது, கீ லஃப்லூர் வந்தார், ஐந்து கோப்பைகள். டிராஃப்ட் வியாபாரத்தின் மேதை என்றால் இன்றும் போலக் பெயர்தான். 1971 ஜனவரியில் ரால்ஃப் பாக்ஸ்ட்ரோமை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினார். அந்த அணியை பலப்படுத்திக் கலிஃபோர்னியாவைக் கடைசிக்குத் தள்ளவே அப்படிச் செய்தார் என்பது கதை. பாக்ஸ்ட்ரோம் தானே வேறிடம் போக விரும்பியிருந்தார் என்பதைக் கதை சொல்கிறவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஜெயித்தவர் செய்ததெல்லாம் திட்டமாகிவிடுகிறது.

இதே கணக்கை 1974 வசந்தத்தில் மூடியிருந்தால்? லஃப்லூர் முதல் மூன்று சீசனில் அடித்தது 29, 28, 21 கோல். குறைந்துகொண்டே போகிறது. அவருக்கு அடுத்து டெட்ராய்ட் எடுத்த மார்செல் டியோன் மூன்று சீசனிலும் அவரைவிட அதிகப் புள்ளி. அன்று யாராவது "போலக் தவறான ஆளை எடுத்துவிட்டார்" என்று எழுதியிருந்தால் மறுப்பது கஷ்டம். அடுத்த சீசனில் லஃப்லூர் 53 கோல் அடித்தார். போலக் மேதையானார். 1971-ல் அவர் எடுத்த முடிவு 1974-க்கும் 1975-க்கும் நடுவில் மாறவே இல்லை.

*

முடிவும் விளைவும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒட்டாவா. 2017 மே மாதம் அந்த அணி அரையிறுதியின் ஏழாவது ஆட்டத்தில், இரண்டாவது கூடுதல் நேரத்தில் தோற்றது. ஒரு கோல் தூரத்தில் இறுதிப்போட்டி. நவம்பரில், நாம் நல்ல அணி என்ற நம்பிக்கையில், கொலராடோவிடமிருந்து மாட் டுஷேனை வாங்கியது. கொடுத்ததில் ஒன்று 2018-ன் முதல் சுற்று பிக். இந்த முறை ஒரு நிபந்தனை போட்டார்கள். அது முதல் பத்து இடத்துக்குள் வந்தால், அதை வைத்துக்கொண்டு 2019-ன் பிக்கைக் கொடுக்கலாம்.

அணி சரிந்தது. கடைசிக்கு முந்தைய இடம். பிக் நான்காவது. இப்போது மறுபடி ஒரு முடிவு. இதைக் கொடுப்பதா, அடுத்த வருஷத்தைக் கொடுப்பதா? இந்த முறை கண்ணைக் கட்டிய பந்தயம் இல்லை. அணி மோசம் என்று தெரியும். அடுத்த வருஷம் இன்னும் மோசமாகலாம் என்றும் தெரியும். ஒட்டாவா நான்காவது பிக்கை வைத்துக்கொண்டு பிரேடி கச்சக்கை எடுத்தது. அடுத்த சீசனில் லீகிலேயே கடைசியில் முடித்தது. டுஷேனை அதற்குள் கொலம்பஸுக்கு அனுப்பியாகிவிட்டது, கர்வர்ஸ் மாதிரியே.

இப்போதெல்லாம் கடைசி இடத்துக்கு முதல் பிக் உறுதி இல்லை. குலுக்கல் உண்டு. ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண் போட்ட பிங்பாங் பந்துகள் ஒரு கண்ணாடி இயந்திரத்தில் சுழலும். நான்கு வெளியே வரும். கடைசி இடத்து அணிக்கு முதல் பிக் கிடைக்க அன்று 18.5 சதவீத வாய்ப்பு. நான்காவது இடத்துக்கு விழ ஏறத்தாழ பாதிக்குப் பாதி. பந்துகள் சுழன்றன. கொலராடோ கையிலிருந்த ஒட்டாவாவின் பிக் நான்காவது இடத்துக்கு விழுந்தது. முதல் ஆளான ஜாக் ஹ்யூஸ் நியூ ஜெர்சிக்குப் போனார். கொலராடோ போவன் பைரமை எடுத்தது. 2022-ல் அவரோடு கோப்பை வென்றது. கச்சக் ஒட்டாவாவின் கேப்டனானார்.

இன்று பலர் அந்த இரண்டாவது முடிவு சரி என்கிறார்கள். பந்து வேறு மாதிரி உருண்டு ஹ்யூஸ் கொலராடோவுக்குப் போயிருந்தால் அதே முடிவு கர்வர்ஸ் டிரேடுக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒட்டாவாவில் அந்த முடிவை எடுத்தவர்களின் அறிவுக்கும், பந்து உருண்டதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

*

1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் இதற்கு ஒரு பெயர் கொடுத்து விவாதித்தார்கள். அறம் சார்ந்த அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டும் இரண்டு பேர். ஒருவன் வழியில் யாரும் குறுக்கே வரவில்லை, வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுகிறான். இன்னொருவன் வழியில் ஒரு குழந்தை. இருவரும் செய்தது ஒன்றுதான். ஒருவன் சிறைக்குப் போகிறான். நம் கையில் இல்லாத ஒன்றுக்காக நம்மைக் குறை சொல்லக் கூடாது என்று நாம் நம்புகிறோம். அதே நேரம் இந்த இருவரையும் ஒரே மாதிரிப் பார்க்கவும் முடிவதில்லை. நேகல் இந்த முரணைத் தீர்த்து வைக்கவில்லை. முரண் இருக்கிறது என்று காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே ஒரு மீட்டிங்கில் பார்த்திருந்தேன். சில வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், என் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், டேட்டாபேஸில் ஒரு மாற்றம் செய்யும் ஸ்கிரிப்டை சாயங்காலம் நேரடியாக ஓட்டிவிட்டான். நகலில் ஓட்டிப் பார்க்கவில்லை. ஒரு டேபிள் லாக் ஆகி, நாற்பது நிமிஷம் பணம் கட்டும் பக்கம் வேலை செய்யவில்லை. மறுநாள் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். யாரையும் குறை சொல்லும் கூட்டம் இல்லை இது என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். அரை மணி நேரத்தில், "இது தெரிஞ்சிருக்க வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வருஷ மதிப்பீட்டில் அது வந்தது. கொஞ்ச நாளில் வேலையை விட்டுப் போய்விட்டான்.

அதே ஸ்கிரிப்டை, அதே மாதிரி நகலில் ஓட்டிப் பார்க்காமல், நான் மூன்று முறை ஓட்டியிருந்தேன். மூன்று முறையும் ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு அப்படிச் செய்யக் கற்றுக் கொடுத்ததே கிட்டத்தட்ட நான்தான். அன்றைக்கு அந்த மீட்டிங்கில் நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தேன் என்றுகூட இல்லை. என்னுடையது தவறாகவே எனக்குத் தோன்றவில்லை. அதுதான் விஷயம். நன்றாக முடிந்த முடிவை யாரும் மறுபடி திறந்து பார்ப்பதில்லை, எடுத்தவனும்கூட.

விளைவை வைத்துத் தீர்ப்பு சொல்வதில் மோசமானது தோற்றவனுக்கு நடக்கும் அநியாயம் மட்டும் என்று முன்பு நினைத்திருந்தேன். அதைவிட ஆழமான கேடு ஜெயித்தவனிடம் நடக்கிறது. அவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை. தன் அதிர்ஷ்டத்தைத் திறமை என்று நம்பி, அதையே அடுத்தவனுக்குச் சொல்லியும் கொடுக்கிறான்.

ஆகவே இப்போது நான் மூன்று கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன். யாருக்கு லாபம்? முடிவு சரியா? ஆளைக் குறை சொல்லலாமா? விளைவு முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும், அதுவும் எந்தத் தேதியில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து. இரண்டாவதுக்கு அது ஒரு தடயம். கோப்பைத் திறக்கச் சொல்லலாம், தீர்ப்பை எழுதக் கூடாது. மூன்றாவதுக்குப் போகும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதே முடிவை எடுத்துத் தப்பித்தவர்கள் யார் யார் என்று தேட வேண்டும். முக்கால்வாசி நேரம் அந்தப் பட்டியலில் நம் பெயரும் இருக்கும்.

*

கர்வர்ஸுக்குத் திரும்பி வருகிறேன்.

அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹோபி பேக்கர் விருதை 1984-ல் வாங்கியவர் அவர். 1986-ல் கோப்பை வென்ற மான்ட்ரியல் அணியில் இருந்தார். என்எச்எல்லில் 650-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். நல்ல கணக்குதான். 1989-ல் அவரை வேறு அணிக்கு அனுப்புகிறோம் என்றார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு டொராண்டோ போனார். எதற்காக வாங்கினார்களோ அதைச் செய்தார். அந்த டிரேடில் எதையுமே தேர்ந்தெடுக்காத ஒரே ஆள் அவர். பெயர் மட்டும் அவருடையது.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் ஸ்கௌட்டாகப் போனார். அதாவது ஊர் ஊராகக் குளிர்ந்த அரங்கங்களில் உட்கார்ந்து, பதினேழு வயதுப் பையன்களைப் பார்த்து, இவன் பத்து வருஷம் கழித்து என்னவாக இருப்பான் என்று எழுதித் தரும் வேலை. பிறகு அணி நிர்வாகங்களில் உயர்ந்தார். மினசோட்டாவில் துணை ஜெனரல் மேனேஜராக இருந்தபோது, 2021 ஜூனில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 58.

எந்தப் பையன் நீடர்மையர் ஆவான், எவன் ஸ்டோயனோவ் ஆவான் என்று முன்கூட்டித் தெரியாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. இருந்தும் வருஷா வருஷம் ஏதோ ஓர் அரங்கத்தில் போய் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, ஒரு பெயரை எழுதினார்.